அம்மாவின் ஜோடி

சின்ன வயதில் என் பெயர் எலி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டோடு சரி. நான் கடிப்பேன், திருடுவேன், அடுத்த வீட்டுச் சமையலறைக்குள் சத்தமில்லாமல் போய் வருவேன். எலி என்று கூப்பிட்டவர்களைக் குறை சொல்ல முடியாது, பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். இன்று எனக்கு முப்பத்தெட்டு வயது. நகரப் பேருந்து ஓட்டுகிறேன். கோபம் இப்போதும் மூக்கு நுனியில்தான் நிற்கிறது. அதை ஹாரனில் தீர்த்துக்கொள்கிறேன்.

நான் சொல்ல வந்தது ஜோடியம்மாவின் கதை. ஆனால் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் என் வண்டவாளத்தையும் அவிழ்த்துக் கொட்டித்தான் ஆக வேண்டும்.

ஜோடியம்மா எனக்கு ரத்த சொந்தம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் அம்மாவோடு வேலை பார்த்தவர். அங்கே பெட்ஷீட் மடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து விறைப்பாக இழுத்து, ஓர் உதறு உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, முனைகளைக் கைமாற்றி, கீழே தொங்கும் மடிப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி பின்னால் போக வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்நூறு, அறுநூறு பெட்ஷீட். ஒருத்தி வேகமாக நடந்து இன்னொருத்தி மெதுவாக வந்தால் துணி கோணிக்கொள்ளும். உயரம் ஒத்துப்போக வேண்டும், நடை ஒத்துப்போக வேண்டும், வாயும் ஒத்துப்போனால் நல்லது. அப்படி அமைந்துவிட்ட இருவரைப் பிரிக்க மாட்டார்கள். அவர்களுக்குப் பெயர் ஜோடி. ஷிப்ட் போடுவதும் ஜோடிக்குத்தான், தனி ஆளுக்கு இல்லை.

அம்மாவின் ஜோடி அம்மாவைவிட எட்டு வயது மூத்தவர். அம்மா அவரை அக்கா என்பாள். முறைப்படி நான் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் முறைப்படி செய்த காரியம் எது? முதலில் 'அந்த ஜோடி' என்றேன், பிறகு ஜோடியம்மா என்றேன். அதுவே நிலைத்துவிட்டது.

எனக்கு எட்டு வயதாகும்போது அப்பா வெளியூர் வேலைக்குப் போனார். இரண்டு மாதம் கடிதம் வந்தது. பிறகு அதுவும் இல்லை. அம்மா சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் தொழிலாளர் குடியிருப்பில் ஓர் அறை கிடைத்தது. கடைசியாகச் சேர்ந்தவளுக்குச் சாயங்கால ஷிப்ட், மதியம் ஒன்றிலிருந்து ஒன்பது வரை. நான் மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருவேன். கழுத்தில் கயிறு கட்டிச் சாவி தொங்கும். திறந்தால் உள்ளே பாய், வாளி, கவிழ்த்து வைத்த பாத்திரம். மாதத்தின் முதல் பாதியில் அந்தப் பாத்திரத்துக்கு அடியில் ஏதாவது இருக்கும். பின் பாதியில் பாத்திரம் மட்டும்தான் இருக்கும். அம்மா வருகிறவரை பசியோடு உட்கார்ந்திருக்க நான் என்ன முனிவரா?

முதலில் திருடியது ஒரு பன். டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியின் பின்பக்கக் கதவு சரியாக மூடாது. அந்தப் பன்னின் ருசி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாகவே இருந்தது. பசிக்கு எடுத்ததோடு நின்றிருந்தால் ஊர் மன்னித்திருக்கும். நான் நிற்கவில்லை. பன் எடுத்த கை அழிப்பானை எடுத்தது, பென்சில் பெட்டியை எடுத்தது, யாரோ வாசலில் விட்ட செருப்பில் ஒற்றைச் செருப்பை மட்டும் எடுத்தது. ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்? அவர்களிடம் இரண்டு இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

கோபம் அதைவிட மோசம். யார் சிரித்தாலும் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று படும். என் பாவாடையின் ஒட்டு, என் தலையின் எண்ணெயில்லாத சிக்கு, இதையெல்லாம் விட்டால் உலகத்துக்கு வேறு வேலையே இல்லை என்று நினைத்தேன். அவர்கள் ஏதாவது சொல்வதற்கு முன்னால் நானே அடித்துவிடுவேன். வகுப்புத் தலைவியை முழங்கைக்கு மேல் கடித்தேன். மருந்தாளுநர் வீட்டு ஜன்னலைக் கல்லால் உடைத்தேன், அவர்கள் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதற்காக. ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். காது புளித்துப்போனது. புத்தி சொன்ன ஒருவர்கூட ஒரு துண்டு ரொட்டியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லவில்லை.

எனக்குப் பதினொரு வயதானபோது அந்தப் பெரிய தப்பு நடந்தது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு நேராகச் சலவைக்கூடத்துப் பின்பக்கம் போனேன். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அம்மாவும் இன்னொரு பொம்பளையும் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வருகிறார்கள், பின்னால் போகிறார்கள், கைகளைத் தொடுகிறார்கள், மறுபடி பிரிகிறார்கள். அந்தப் பொம்பளை என்னவோ சொல்ல, அம்மா தலையைச் சாய்த்துச் சிரித்தாள். வீட்டில் அம்மா சிரித்து நான் பார்த்ததில்லை. வந்தால் படுப்பாள், எழுந்தால் அதட்டுவாள். எனக்கு ஒன்றுதான் தோன்றியது: அம்மா வேலைக்கு வரவில்லை, இவளோடு விளையாட வருகிறாள். நான் அங்கே காலிப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருக்க, இங்கே இவர்களுக்கு விளையாட்டு!

மறுநாள் மழை விட்டிருந்தது. சேற்றில் காலை நன்றாக ஊறவைத்துக்கொண்டு சலவைக்கூடத்து மொட்டை மாடிக்கு ஏறினேன். கொடியில் காய்ந்துகொண்டிருந்த பெட்ஷீட்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கீழே போட்டு மிதித்தேன். நாற்பதுக்கு மேல் இருக்கும். மூச்சு வாங்க மிதித்தேன். படிக்கட்டில் காக்கிச் சட்டையோடு ஒருவர் வந்து என் காதைப் பிடித்தார். பாய்லர் ஓட்டுகிறவர், ஜோடியம்மாவின் கணவர். அதெல்லாம் எனக்குத் தெரியாது. அவர் கையைக் கடித்தேன். அவர் காதை விடவில்லை.

"எலி இல்ல இது, முதலை!" என்று கத்திக்கொண்டே என்னைக் கீழே இறக்கினார்.

அடுத்த நாள் மதியம் ஷிப்ட் தொடங்குவதற்கு முன் சூப்பர்வைசர் அறையில் எங்களைக் கூப்பிட்டார்கள். சூப்பர்வைசர், பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, அம்மா, நான். மேசை மேல் ஒரு படிவம். அடங்காத பிள்ளைகளை வைத்திருக்கும் சீர்திருத்த இல்லத்தில் என்னைச் சேர்ப்பதற்கான படிவம். தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டுவிட்டார். அம்மாவின் கையெழுத்து மட்டும் பாக்கி. போட்டால் நான் போக வேண்டும், பதினெட்டு வயது வரை அங்கேதான். போடாவிட்டால் பெட்ஷீட் விஷயம் மேலே போகும், அம்மாவுக்கு வேலையும் போகும், அறையும் போகும்.

அம்மா பேனாவைக் கையில் எடுத்துவிட்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அங்க மூணு வேளையும் சாப்பாடு போடுவாங்களாங்க?"

அதைக் கேட்டு எனக்கு அன்று வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. என்னை விற்கிறாள் என்று நினைத்தேன். என் வயிற்றுக்காகத்தான் கேட்டாள் என்று புரிய எனக்கு எத்தனையோ வருடம் பிடித்தது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஜோடியம்மா உள்ளே வந்தார். கூப்பிடாமல் வந்தார். கையில் மடித்த தலையணை உறைகள்.

"ஷிப்டுக்கு நேரமாச்சு, என் ஜோடிய அனுப்புங்க" என்றார். பிறகு படிவத்தைப் பார்த்தார். "இது என்ன?"

சூப்பர்வைசர் தன் நோட்டை எடுத்துப் போட்டார். அந்த மனிதருக்கு எதற்கும் நேரம் குறிக்கும் பழக்கம். அழுக்குத் துணி மூட்டை எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு வெளுத்துப் போனது என்று நிமிடக் கணக்கில் எழுதுவார். குடியிருப்புக்கும் அவரே பொறுப்பாளி என்பதால் என் மேல் வந்த புகார்களையும் அதே அக்கறையோடு எழுதி வைத்திருந்தார்.

"நீயே பாரும்மா. ரெண்டு வருஷத்துல ஐம்பத்து மூணு புகார். இந்தப் பிள்ளை திருந்துற ஜென்மமா?"

ஜோடியம்மா நின்றபடியே பக்கத்தைப் புரட்டினார். விரலை வைத்து மெதுவாகப் படித்தார். அவருக்குப் படிப்பு கொஞ்சம்தான். கடைசியில் நோட்டைச் சூப்பர்வைசர் பக்கமே திருப்பி வைத்தார்.

"எல்லாம் நாலு மணிக்கு மேல, ஒம்பது மணிக்குள்ள. அஞ்சே கால், ஆறு பத்து, ஏழரை... ஞாயித்துக்கெழம ஒண்ணுகூட இல்லியே, ஏங்க?"

சூப்பர்வைசர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நோட்டைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம மட்டும் திருந்திட்டு, திங்கக்கெழம கெட்டுப்போறாளா இவ? ஞாயித்துக்கெழம இவ அம்மா வீட்ல இருக்கா. அவ்ளோதான் விஷயம். பிள்ளைய அனுப்புறதுக்கு எதுக்கு அவ்ளோ பெரிய படிவம்? இவ அம்மாவ சாயங்காலம் வீட்டுக்கு அனுப்புங்க."

தலைமையாசிரியைக்குக் கோபம். "கடிக்கிறதுக்கும் திருடறதுக்கும் ஷிப்ட் நேரமா காரணம்?" என்றார்.

"டீச்சர், உங்க ஸ்கூல்ல இவ கடைசியா எப்ப சாப்பிட்டான்னு யாராவது கேட்டிருக்கீங்களா? நீங்களும் நானும் மதியத்துலேருந்து ஒம்பது மணி வரைக்கும் பட்டினி கெடந்து பாப்போம். நீங்க யாரையும் கடிக்க மாட்டீங்கன்னு வெச்சுக்குங்க. என்னைய நான் நம்ப மாட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வாழ்க்கையே மேசை மேல் கிடக்கும்போது சிரித்தேன். தலைமையாசிரியை முறைத்தார்.

சூப்பர்வைசர் யோசித்தார். காலை ஷிப்டில், ஐந்திலிருந்து ஒன்றுவரை, ஒரு ஜோடிக்கு இடம் காலியாக இருந்தது. ஜோடிக்குத்தான் இடம், ஒற்றை ஆளுக்கு இல்லை.

"மாத்தினா உங்க ரெண்டு பேரையும்தான் மாத்த முடியும், அப்புறம் சாயங்காலத்துக்குத் திரும்பி வர முடியாது. காலை ஷிப்ட் வேணவே வேணாம்னு இத்தனை வருஷமா எழுதிக் குடுத்தவ நீதானே? இப்ப வர்றியா?"

அம்மா சட்டென்று, "வேணாங்கக்கா" என்றாள்.

ஜோடியம்மா கையிலிருந்த தலையணை உறையின் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்தார். என்னைப் பிடிக்காமல்தான் யோசிக்கிறார் என்று நான் நினைத்தேன். நானும் பதிலுக்கு முறைத்தேன்.

"வரேன்" என்றார்.

மூன்று மாதம் பார்க்கலாம் என்று முடிவானது. படிவம் கிழிக்கப்படவில்லை, மேசை இழுப்பறைக்குள் போனது.

எலி ஒரே நாளில் முயலாகிவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. முதல் வாரமே ஒரு பென்சில் பெட்டியைக் கிளப்பிக்கொண்டு வந்தேன். ஆனால் கதவைத் தள்ளினால் அம்மா உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். அடுப்பில் ஏதோ கொதிக்கிறது. "அது யாருது?" என்றாள். என் காதைப் பிடித்துக்கொண்டு போய், அந்தப் பெண் வீட்டு வாசலில் நிறுத்தித் திருப்பிக் கொடுக்க வைத்தாள். அதற்குமுன் அம்மாவுக்கு அதற்கு நேரம் இருந்ததில்லை, தெம்பும் இருந்ததில்லை. மாலையில் சூடாகச் சாப்பிட்டுவிட்டு, அம்மாவின் திட்டை வாங்கிக்கொண்டு, வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தால் இருட்டிவிடும். கல்லெறிய ஏது நேரம்? ஒரு வருடம் கழித்துத்தான் கவனித்தேன், யாராவது சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று நானும் எட்டிப் பார்க்கிறேன்.

காலையில் அம்மா நாலரைக்கே கிளம்பிவிடுவாள். நான் தூங்கிப் பள்ளிக்கூடத்தைக் கோட்டை விட்டால் எல்லாம் பாழ். அதற்கும் ஜோடியம்மா ஏற்பாடு செய்திருந்தார். ஏழு மணிக்குப் பாய்லர் மாமா வந்து கதவை இடிப்பார். தட்டுவதில்லை, இடிப்பார்.

"முதலை! குரல் குடு!"

"எந்திரிச்சுட்டேன்!"

"படுத்துக்கிட்டு சொல்ற குரல் எனக்குத் தெரியும். நின்னுக்கிட்டு சொல்லு!"

கடிபட்ட கையால்தான் இடிப்பார். ஒரு நாளும் புத்தி சொன்னதில்லை. குரல் வந்ததும் போய்விடுவார். மூன்று மாதம் முடிந்தது. சூப்பர்வைசர் நோட்டில் என் பெயரில் இரண்டே வரிகள். படிவம் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

அதே வருடம் மூன்றாவது வரிசை வீட்டுப் பையனை அந்த இல்லத்துக்கு அனுப்பினார்கள். சைக்கிள் பம்ப் ஒன்றை எடுத்துவிட்டான். என்னோடு ஒப்பிட்டால் அவன் தங்கம். எனக்கு ரொட்டி கிடைக்காத நாளில் தன்னுடையதில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தவன். அவன் வீட்டில் எந்த நேரத்தில் யார் இருந்தார்கள், அவன் எப்போது சாப்பிட்டான் என்று ஒருவரும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது பம்ப் எடுத்தவன் பூட்டு உடைக்கக் கற்றிருந்தான். இப்போது ஜெயிலுக்கும் வெளிக்குமாகப் போய் வருகிறான். எப்போதாவது என் பேருந்தில் ஏறுவான். ஓட்டுவது நான் என்று தெரிந்தால் பின்பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்வான். அன்றைக்கெல்லாம் எனக்கு வண்டி ஓட்டவே மனசு வராது. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு ஷிப்ட் மட்டும்தான் வித்தியாசம்.

இத்தனை வருடமும் ஒரு விஷயத்தில் நான் நிம்மதியாக இருந்தேன். ஜோடியம்மா எனக்கு உதவினார், உதவியதில் அவருக்கும் லாபம்தான் என்று நினைத்திருந்தேன். காலை ஷிப்ட் கிடைக்காதா என்று அந்தச் சலவைக்கூடமே தவம் கிடந்தது. மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடலாம், மாலை முழுவதும் கையில் இருக்கும். அவர் மட்டும் ஏன் இத்தனை வருடம் வேண்டாம் என்றார் என்று நான் யோசித்ததே இல்லை. பிள்ளைகள் அதையெல்லாம் யோசிக்குமா? எருமை மாதிரி வளர்ந்த பிறகும் நான் யோசிக்கவில்லை என்பதுதான் வெட்கக்கேடு.

போன மாதம் டிப்போவில் என் டியூட்டியை மாற்றிவிட்டார்கள். என் கணவர் அச்சகத்தில் வேலை பார்க்கிறார். அவர் வரும்போது நான் போகிறேன், நான் வரும்போது அவர் தூங்குகிறார். அம்மாவிடம் புலம்பித் தள்ளினேன்.

"பத்து நாளா அவர் முகத்தையே சரியா பாக்கலம்மா. இப்படி ஒரு வாழ்க்கையா?"

அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"பத்து நாளுக்கே இப்படி. அக்காவும் மாமாவும் பதினோரு வருஷம் இருந்தாங்க."

பிறகுதான் எல்லாம் வந்தது. பாய்லர் மாமாவுக்கு நிரந்தரமாகச் சாயங்கால ஷிப்ட். காலை பாய்லருக்கு அவரைவிடச் சர்வீஸில் மூத்தவர் ஒருவர் இருந்தார், மாற வழியே இல்லை. அதனால்தான் ஜோடியம்மாவும் சாயங்காலத்தையே பிடித்துக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து வேலைக்கு நடந்து வருவார்கள், ஐந்து மணிக்குப் பாய்லர் அறை வாசலில் உட்கார்ந்து சேர்ந்து டீ குடிப்பார்கள், சேர்ந்து திரும்பிப் போவார்கள். மகன் வெளியூர் போய்விட்ட வீட்டில் அவர்களுக்கு இருந்தது அதுதான். எனக்காக ஷிப்ட் மாறிய நாளிலிருந்து, ஜோடியம்மா வேலை முடிந்து வெளியே வரும்போது மாமா உள்ளே போவார். இரவில் மாமா வீடு திரும்பும்போது, காலை நாலு மணிக்கு எழ வேண்டிய இவர் தூங்கியிருப்பார். இவருக்கு ஞாயிறு விடுமுறை, அவருக்குப் புதன். எனக்கு இருபத்திரண்டு வயதானபோது, ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கையில், மாமா பாய்லர் அறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

"ஏம்மா என்கிட்ட சொல்லவே இல்ல?"

"அக்கா சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. பிள்ள மனசுல பாரம் ஏத்தாதன்னாங்க."

அடுத்த விடுமுறை நாளில் ஜோடியம்மா வீட்டுக்குப் போனேன். எழுபத்திரண்டு வயது, முழங்கால் வலி, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. போனதும், "என்ன, பஸ்ஸ எங்கயாவது மோதிட்டு வந்தியா? மூஞ்சி அப்படி இருக்கு" என்றார். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. தெரிந்துவிட்டது என்று சொன்னேன். அவர் அம்மாவை ஒரு திட்டுத் திட்டினார். பிறகு டீ போட உள்ளே போனார். நானும் பின்னாலேயே போய் அடுப்பு மேடையோரம் நின்றேன்.

"ரொம்ப நன்றி ஜோடியம்மா" என்றேன். இருபத்தேழு வருடத்தில் அதை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. இந்த வாழ்க்கை, இந்த வேலை, என் வீடு, என் பிள்ளைகள், எல்லாமே இவர் போட்ட பிச்சை என்று அப்போது எனக்குப் பட்டது. இவ்வளவு கிடைத்தும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறேனே என்று அழுதேன்.

"சரி சரி, டீயில உப்புக் கரிக்கப் போகுது, தள்ளி நில்லு."

"என்மேல உங்களுக்குக் கோவமே வந்ததில்லையா?"

இல்லை என்று சொல்வார், ஆறுதலாக இருக்கும் என்றுதான் கேட்டேன். ஜோடியம்மா என் நன்றிக்காகப் பொய் சொல்கிறவர் இல்லை.

"வராம இருக்குமா? எத்தனையோ நாள் வந்துச்சு. நீ பத்தாவது பாஸாயிட்டன்னு உங்கம்மா ஸ்வீட் கொண்டுவந்து குடுத்தப்பகூட வந்துச்சு. அவர் போன அன்னிக்கு ரொம்ப வந்துச்சு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் டீயை வடிகட்டி ஒரு டம்ளரை என் பக்கம் தள்ளினார்.

"தெனம் ஒரு மணிக்கு கேட்ல அவரப் பாப்பேன். நான் வெளிய, அவர் உள்ள. அஞ்சு நிமிஷம் கெடைக்கும். அவர்கிட்ட சொல்றதுக்கு எவ்ளோவோ சேத்து வெச்சிருப்பேன். உன்மேல கோவமா இருக்கிற அன்னிக்கும், அவர் மூஞ்சியப் பாத்ததும் என் வாயில மொதல்ல வர்றது ஒண்ணுதான்டி. 'எலி ஸ்கூலுக்குப் போச்சா?'"